துண்டு துண்டாக ஜெர்மன்: குறுவாசிப்புகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஜெர்மன் கற்பவர்கள் பலருக்கும் ஏ2 என்ற தொடக்கநிலையை முடித்து பி1 என்ற இடைநிலைக்குள் நுழையும்போது ஒரு சிக்கல் வரும். பாடநூல் சலித்திருக்கும். நாவலைத் திறந்தால் அரைப் பக்கம் நகர்வதற்குள் அகராதி களைத்துவிடும். இடையில் இருப்பவை சின்னச் சின்ன வாசிப்புகள்: வானிலை அறிவிப்பு, சமையல் குறிப்பு, வாடகை விளம்பரம், நகைச்சுவைத் துணுக்கு, நாட்டுப்புறக் கதை, செய்திச் சுருக்கம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், அலுவலகக் கடிதம். ஒவ்வொன்றும் சில நிமிட வேலை. முடித்துவிட்டோம் என்ற திருப்தியும் கையோடு கிடைக்கும்.

இப்படிப்பட்டவற்றை மட்டுமே நம்பிச் சில மாதங்கள் படித்த ஒரு கற்பவரின் குறிப்பேடுதான் இந்த ஆய்வுக்கு அடிப்படை. அந்தக் கற்பவர் நான்தான். படித்தவரே ஆராய்ச்சியும் செய்தால் வரும் குறையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். குறுவாசிப்புகளால் எனக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை, நடுவழியில் முறையை ஏன் மாற்றினேன் என்பதே இங்கே பேச்சு.

கற்பவரும் குறிப்பேடும்

தாய்மொழி தமிழ். ஆங்கிலம் தெரியும். ஜெர்மனில் அடிப்படை இலக்கணமும் அன்றாடப் பேச்சுக்கான சொற்களும் கைவசம் இருந்தன. ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட பொதுச் சட்டகம் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கிறது. அதில் ஏ2 நிலைக்காரர் விளம்பரம், உணவுப் பட்டியல், கால அட்டவணை போன்ற எளிய தாள்களிலிருந்து தனக்கு வேண்டிய தகவலை எடுக்கத் தெரிந்தவர். அதாவது, குறுவாசிப்பு என்பது நான் கண்டுபிடித்த குறுக்குவழி அல்ல. அந்த நிலைக்கென்று சட்டகமே எதிர்பார்ப்பது அதைத்தான்.

ஒவ்வொரு துண்டையும் முதலில் அகராதி இல்லாமல் ஒருமுறை, அப்புறம் அகராதியோடு ஒருமுறை படித்தேன். முடித்ததும் இரண்டு மூன்று வரி எழுதி வைப்பேன். முக்கியமாக, எங்கே தடுக்கியது என்று. தடுக்குவதை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். சொல் தெரியாமல் தடுக்குவது ஒன்று. சொற்கள் தெரிந்தும் வாக்கியம் பிடிபடாமல் தடுக்குவது ஒன்று. இரண்டும் தெரிந்தும் விஷயம் தெரியாததால் தடுக்குவது இன்னொன்று. குறிப்பேட்டில் ‘சொல்’, ‘வாக்கியம்’, ‘விஷயம்’ என்று ஓரத்தில் குறித்தேன். இந்தச் சின்ன வேலைதான் பிற்பாடு உருப்படியாக உதவியது. மற்றபடி உணர்ச்சிகரமாக எழுதி வைத்த பல வரிகள் எதற்கும் பயன்படவில்லை.

வகைக்கு ஓர் இலக்கணம்

பாடநூல் ஒரு மொழிக்கு ஒரு இலக்கணம் என்பதுபோலப் பேசும். குறுவாசிப்புகளை வரிசையாகப் படித்தபோது தெரிந்தது வேறு. ஒவ்வொரு வகைத் தாளுக்குள்ளும் அதற்கென்றே சில இலக்கண அமைப்புகள் குடியிருக்கின்றன. அந்த வீட்டுக்குள் போகாதவரை அவற்றைப் பார்க்கவே முடியாது.

சமையல் குறிப்பை எடுத்துக்கொள்வோம். தமிழில் ‘நறுக்கவும்’, ‘வதக்கவும்’ என்று எழுதுவோம். யாரும் வாயால் அப்படிச் சொல்வதில்லை. ஜெர்மனிலும் இதே கதைதான்: ஏவல் வடிவத்துக்குப் பதிலாக வினைச்சொல்லின் அகராதி வடிவமே கட்டளையாக நிற்கிறது, வாக்கியத்தின் கடைசியில். பழைய சமையல் புத்தகங்களில் ‘மன் நேமெ’ என்று இன்னொரு பாணி இருந்தது. ‘ஒருவர் எடுத்துக்கொள்க’ என்பதுபோல. இன்று அதைக் கிண்டலுக்குத்தான் பயன்படுத்துகிறார்கள்.

குடியிருப்புகளின் வாசலில் ஒட்டியிருக்கும் வீட்டு விதிகள் வேறு மாதிரி. ‘கதவு மூடி வைக்கப்பட வேண்டும்’ என்பதை ‘வேண்டும்’ என்ற துணைவினை இல்லாமலே, ‘இருக்கிறது’ என்ற வினையோடு ‘சு’ என்ற சின்னச் சொல்லையும் ஒரு வினையையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். யார் மூட வேண்டும் என்று யாருடைய பெயரும் வராது. பாடநூலில் இந்த அமைப்பு மிகவும் பின்னால்தான் வரும். ஆனால் அங்கே வாடகைக்குக் குடிபோகிறவர் முதல் நாளே இதைச் சந்திப்பார்.

வானிலை அறிவிப்பில் பல வரிகளில் வினையே இல்லை. ‘தெற்கில் மேகமூட்டம், அவ்வப்போது தூறல்’ என்ற மாதிரிதான் எல்லாம். தமிழருக்கு இது கடினமே இல்லை. வாரம் முழுக்கப் படித்தால் அந்த வகையின் சொற்கள் ஏறக்குறைய தீர்ந்துவிடும். அதற்கு மேல் படிப்பதில் பயன் குறைவு.

வாடகை விளம்பரம் சுருக்கெழுத்துப் புதிர். ‘2 ட்செட்-கா-பே’ என்றால் இரண்டு அறை, சமையலறை, குளியலறை. ஒருமுறை சாவி கிடைத்தால் போதும். எல்லா விளம்பரமும் திறந்துகொள்ளும்.

மருந்துத் தாள் எனக்குக் கிடைத்த எதிர்பாராத ஆசிரியர். பக்கவிளைவுகளை அது ‘அடிக்கடி’, ‘எப்போதாவது’, ‘அரிதாக’, ‘மிக அரிதாக’ என்று அடுக்கும். அந்த ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்திலேயே எண் கொடுத்திருப்பார்கள். ‘அடிக்கடி’ என்றால் 10 பேரில் ஒருவர் வரை, ‘எப்போதாவது’ என்றால் 100 பேரில் ஒருவர் வரை, ‘அரிதாக’ என்றால் 1,000 பேரில் ஒருவர் வரை, ‘மிக அரிதாக’ என்றால் 10,000 பேரில் ஒருவர் வரை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மாதிரித் தாள் அப்படி. கற்பவர்களுக்கு இந்தக் காலவினையடைகளில் எது எதைவிட அதிகம் என்பது எப்போதும் குழப்பம். இந்தத் தாளில் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. பேச்சு வழக்கில் இவ்வளவு துல்லியம் கிடையாது என்பது வேறு விஷயம். ஆனால் வரிசை மனதில் பதிந்துவிட்டது.

துணுக்குகளும் நாட்டுப்புறக் கதைகளும்

நகைச்சுவைத் துணுக்குகளை எளிது என்று நினைத்துக் கற்பவர்களுக்குக் கொடுப்பார்கள். என் குறிப்பேட்டில் ‘விஷயம்’ என்ற குறி மிக அதிகம் விழுந்த வகை இதுதான்.

முதலில் அதன் இலக்கணம். ஜெர்மனில் சாதாரண வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும். வினை முதலிடத்துக்கு வந்தால் பெரும்பாலும் கேள்வி, அல்லது கட்டளை, அல்லது தமிழில் ‘ஆல்’ என்று முடியும் நிபந்தனை. துணுக்கோ ‘கொம்ட் ஐன் மன் சும் ஆர்ஸ்ட்’ என்று தொடங்கும். வார்த்தைக்கு வார்த்தை வைத்தால் ‘வருகிறான் ஒருவன் மருத்துவரிடம்’. கேள்விக்குறியைத் தேடினால் இருக்காது. ‘துணுக்கு ஆரம்பமாகிவிட்டது, தயாராகுங்கள்’ என்ற சைகை அது. நிகழ்காலத்திலேயே முழுவதும் ஓடும். இதை எந்தப் பயிற்சி நூலும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. வரிசையாகச் சில துணுக்குகள் படித்த பிறகு தானாகப் பிடிபட்டது.

சரி, இலக்கணம் பிடிபட்டது. சிரிப்பு வர வேண்டுமே? வடமேற்கில் ஓஸ்ட்ஃப்ரீஸ்லாந்து என்றொரு பகுதி. அந்த ஊர்க்காரர்களை அசடுகளாகக் காட்டும் துணுக்குகள் ஜெர்மனியில் பல ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. இந்த மரபு தெரியாதவருக்கு எல்லாச் சொல்லும் புரியும், துணுக்கு மட்டும் புரியாது. கிழக்கு ஜெர்மனியில் புழங்கிய ‘எரிவான் வானொலி’ துணுக்குகள் இன்னும் மோசம். நேயர் ஒரு கேள்வி கேட்பார். கற்பனையான அந்த ஆர்மீனிய வானொலி ‘கொள்கையளவில் ஆம், ஆனால்…’ என்று ஆரம்பித்துப் பதில் சொல்லும். ஆனாலுக்குப் பிறகு வருவது முதல் பாதியைக் கவிழ்த்துவிடும். சோவியத் அணி நாடுகளில் அதிகாரப்பூர்வப் பேச்சு எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அதில் உப்பு இருக்கிறது. சொல் அகராதியில் கிடைக்கும், இலக்கணம் நூலில் கிடைக்கும், இது மட்டும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொன்னால்தான் கிடைக்கும். துணுக்குகளைத் தொடக்கநிலைக்காரருக்குக் கொடுக்காதீர்கள் என்றே சொல்வேன்.

நாட்டுப்புறக் கதைகள் நேரெதிர். கிரிம் சகோதரர்கள் 1812-இல் முதல் தொகுதியாக வெளியிட்டவற்றில் சில ஒன்றிரண்டு பக்கம்தான். பழைய நடை, பழைய சொற்கள். ஆனாலும் தடுக்கியது குறைவு. காரணம் கதையின் அமைப்பிலேயே இருக்கிறது. மூன்று மகன்கள், மூன்று கதவுகள், மூன்று சோதனைகள். ஒரே சம்பவம் கிட்டத்தட்ட அதே சொற்களில் மூன்று முறை வரும். முதல் முறை தெரியாத சொல் இரண்டாம் முறை சந்தேகமாகப் புரியும், மூன்றாம் முறை சாதாரணமாகிவிடும். வாய்மொழியாகச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் நினைவுக்காக உண்டான உத்தி, பிறமொழிக்காரருக்கும் அப்படியே பலிக்கிறது. நான் படித்த வகைகளிலேயே தனக்குள்ளேயே சொற்களைத் திரும்பத் திரும்பத் தரும் ஒரே வகை இதுதான். இந்த அவதானிப்பு பிறகு முறையை மாற்றும்போது கைகொடுத்தது.

செய்தியும் ‘ஆம்’ என்ற ஒட்டும்

செய்திச் சுருக்கங்களில் ஒரு விசித்திரம். அமைச்சர் ஒருவர் ஏதோ சொன்னார் என்று ஒரு வாக்கியம் வரும். அடுத்த மூன்று வாக்கியங்களில் ‘சொன்னார்’ என்பது எங்கேயும் இருக்காது. ஆனால் அவையும் அமைச்சர் சொன்னவைதான், பத்திரிகை தன் பொறுப்பில் சொல்வன அல்ல. எப்படித் தெரியும்? வினை வடிவத்தில். ‘இருக்கிறார்’ என்பதற்கு வழக்கமான ‘இஸ்ட்’ போய் ‘ஸை’ வரும். ‘ஹாட்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஹாபெ’ வரும். கொன்யுங்க்டிவ் ஒன்று என்று இதற்குப் பெயர்.

ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படிப்பவர்கள் இதைப் பெரிய தலைவலி என்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கு நேரான வினை வடிவம் இல்லை. தமிழில் இருக்கிறது! ‘அமைச்சருக்குத் தெரியாதாம். பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். விசாரணை நடக்குமாம்.’ ஒவ்வொரு வினையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ‘ஆம்’ செய்யும் வேலையைத்தான் ‘ஸை’யும் ‘ஹாபெ’யும் செய்கின்றன: சொல்வது நான், ஆனால் சொன்னது நான் அல்ல. இது புலப்பட்ட பிறகு செய்தித் துண்டுகள் சட்டென்று இலகுவாகிவிட்டன.

முழுப் பொருத்தம் என்று சொல்ல மாட்டேன். தமிழ் ‘ஆம்’ஓடு ஒரு நமுட்டுச் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும்; நம்பினால் நம்புங்கள் என்ற தொனி. அதனால்தான் நம் நாளிதழ்கள் செய்தியில் அதைத் தவிர்த்து ‘என்று கூறினார்’, ‘எனத் தெரிவித்தார்’ என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வால் கட்டுகின்றன. ஜெர்மன் வடிவத்தில் அந்தச் சந்தேகத் தொனி கிடையாது; அது வெறும் விலகல். இன்னொரு சிக்கலும் உண்டு. பன்மையில் பல வினைகளுக்கு இந்த வடிவம் சாதாரண வடிவத்தோடு ஒன்றாகிவிடும். அப்போது குழப்பம் வரக்கூடாதென்று கொன்யுங்க்டிவ் இரண்டு என்ற நிபந்தனை வடிவத்துக்குத் தாவிவிடுவார்கள். ‘ஹெட்டன்’ என்று படித்தவுடன் ‘இருந்திருந்தால்’ என்ற நிபந்தனை என்று மனம் ஓடும். உண்மையில் அது வெறும் ‘ஆம்’. என் குறிப்பேட்டில் செய்தி வகையில் ‘வாக்கியம்’ என்ற குறி விழுந்ததெல்லாம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எல்லோரும் வெறுக்கும் அலுவலகக் கடிதம்

ஜெர்மன் அலுவலக நடை உள்ளூர்க்காரர்களுக்கே பிடிக்காதது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அரை வாக்கியத்தையே அடைப்பார்கள். ‘அந்த’ என்று ஆரம்பித்து, யார், எப்போது, என்ன செய்தார் என்பதையெல்லாம் சொல்லி முடித்து, அப்புறம்தான் ‘கணக்கு’ என்ற பெயர்ச்சொல்லை வைப்பார்கள். பல மொழிக்காரர்களுக்கு இதில் மூச்சு நின்றுவிடும்.

தமிழில் எழுதிப் பாருங்கள்: ‘அந்த, வீட்டு நிர்வாகத்தால் மார்ச்சில் அனுப்பப்பட்ட கணக்கு.’ இதுதான் ஜெர்மன் வரிசை, அச்சு அசலாக. நமக்கு இது பெயரெச்சம். பள்ளியில் படித்த சமாச்சாரம், நாளைக்கு நூறு முறை வாயில் வருவது. துணை வாக்கியங்களிலும் அதே சலுகை: ‘ஏனென்றால்’ என்று தொடங்கினால் வினை கடைசிக்குப் போய்விடும். 1880-இல் மார்க் ட்வைன் ஜெர்மனைக் கிண்டல் செய்து எழுதியபோது, வினைக்காக வாக்கியத்தின் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று நிறையவே அலுத்துக்கொண்டார். தமிழ் பேசுபவருக்கு அந்த அலுப்பு ஏன் என்றே விளங்காது. நாம் பிறந்ததிலிருந்து காத்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

ஆகவே அலுவலகக் கடிதங்களில் ‘வாக்கியம்’ என்ற குறி மிகக் குறைவு. ‘சொல்’ என்ற குறி மட்டும் வரிக்கு வரி. எது எளிது, எது கடினம் என்று பாடத்திட்டம் போட்டிருக்கும் வரிசை எந்தத் தாய்மொழிக்காரரை மனதில் வைத்துப் போட்டது என்ற கேள்வி எனக்கு இங்கேதான் வந்தது. தமிழருக்கென்று ஒரு வாசிப்பு வரிசை போட்டால் துணுக்கைப் பின்னுக்குத் தள்ளி, அலுவலகக் கடிதத்தை முன்னுக்குக் கொண்டுவருவேன். கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும். குறிப்பேடு அப்படித்தான் சொல்கிறது.

சொற்கள் ஏன் தங்கவில்லை

இலக்கணப் பக்கம் இவ்வளவு லாபம். சொற்கள் பக்கம் வந்தால் நிலைமை தலைகீழ். பழைய துண்டுகளை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, அகராதி பார்த்து ஓரத்தில் எழுதி வைத்த சொற்களில் பெரும்பாலானவை முதன்முறை பார்ப்பதுபோலவே இருந்தன.

இதில் வியப்படைய ஒன்றும் இல்லை. ராப் வேரிங், மிசாகோ தகாகி இருவரும் 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அப்பட்டமாகக் காட்டியது. ஜப்பானியக் கற்பவர்கள் ஆங்கிலத்தில் எளிமையாக்கப்பட்ட கதை ஒன்றைப் படித்தார்கள். அதில் புதிதாக வைக்கப்பட்ட 25 சொற்களில், மூன்று மாதம் கழித்துச் சராசரியாக ஒரே ஒரு சொல்லின் பொருள்தான் நினைவிருந்தது. அதிக முறை வந்த சொற்களுக்கு வாய்ப்பு அதிகம். ஒன்றிரண்டு முறை மட்டும் வந்தவை கிட்டத்தட்டத் தொலைந்துபோயின.

இப்போது என் வாசிப்பைப் பாருங்கள். திங்களன்று மருந்துத் தாள், செவ்வாயன்று துணுக்கு, புதனன்று வீட்டு விதிகள். எந்த மொழியிலும் ஒரு சிறு துண்டில் வரும் வெவ்வேறு சொற்களில் பெரும்பகுதி ஒரே ஒருமுறை மட்டுமே வரும். அதே வகையில், அதே விஷயத்தில் அடுத்த துண்டைப் படித்தால் சிலவாவது திரும்பி வரும். நானோ வகையையும் மாற்றினேன், விஷயத்தையும் மாற்றினேன். திரும்ப வந்தவை ஏற்கெனவே தெரிந்த பொதுச் சொற்கள் மட்டும்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஹூ, நேஷன் இருவரும் 2000-இல் செய்த ஆய்வு, உதவியில்லாமல் ஒரு கதையைப் போதுமான அளவு புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. 150 சொல் கொண்ட துண்டில் இது மூன்று சொல் தெரியாமல் இருப்பதற்குச் சமம். 90 விழுக்காடு என்றால் 15 சொல் தெரியாது. அதாவது வரிக்கு ஒன்று. மருந்துத் தாளும் அலுவலகக் கடிதமும் எனக்கு அந்த 90-க்கும் கீழே என்று தோன்றுகிறது. அந்த ஆய்வு ஆங்கிலத்தில் செய்தது. ஜெர்மனில் சொற்களை ஒட்டி நீளமாக்கும் வழக்கம் இருப்பதால் தெரியாத சொல் போல நிற்கும் பலவற்றைப் பிரித்தால் பாதி புரிந்துவிடும். அந்தச் சலுகையைச் சேர்த்தாலும் கணக்கு என் பக்கம் வரவில்லை.

மாற்றியது என்ன

வகையை விட மனமில்லை. இலக்கணம் எல்லாம் அங்கேதான் கிடைத்தது. எனவே விஷயத்தைப் பிடித்து நிறுத்தினேன். ஒரே விஷயம், பல வகைத் தாள்.

முதலில் எடுத்தது வாடகை வீடு. விளம்பரம், வீட்டு விதிகள், ஒப்பந்தத்தின் சில பத்திகள், வாடகையை உயர்த்துவதாக வரும் மாதிரிக் கடிதம், அதற்கு மறுப்புக் கடிதம், வாடகைச் சட்டம் பற்றிய செய்தி, வாடகைதாரர் சங்கங்கள் வெளியிடும் கேள்வி பதில், வீட்டுக்காரரைப் பற்றிய துணுக்கு. எல்லாம் சின்னவை. எல்லாவற்றிலும் ‘மீட்ட’ என்ற சொல்லின் குடும்பம் வந்துகொண்டே இருந்தது. வாடகை, வாடகைக்கு எடுப்பவர், வாடகைக்கு விடுபவர், வாடகைக்கு எடுத்தல், விடுதல், உள்வாடகை, வாடகை உயர்வு, வாடகை ஒப்பந்தம் என்று ஒரே வேரில் கிளை கிளையாக. விளம்பரத்தில் சுருக்கெழுத்தாக வந்தது ஒப்பந்தத்தில் முழுச் சொல்லாக வரும். கடிதத்தில் பெயர்ச்சொல்லாக வந்தது துணுக்கில் வினையாக வரும்.

விஷயமும் சேர்ந்தே ஏறியது. முன்பணம், கூடுதல் செலவுகள் சேராத மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்ய மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும். நெருக்கடியான நகரங்களில் புதிதாக விடும் வீட்டுக்கு, அந்த வட்டார ஒப்பீட்டு வாடகையைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் கேட்கக் கூடாதென்று 2015-இல் ஒரு சட்டம். இவை தெரிந்தபின் படித்த செய்தியில் ‘விஷயம்’ என்ற குறி விழவே இல்லை. வீட்டுக்காரர் துணுக்குக்குக்கூடச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் தாமதமாக.

இதுவும் புதிய யோசனை அல்ல. மொழி கற்றல் ஆய்வாளர் ஸ்டீபன் கிரஷென் பல ஆண்டுகளாகக் குறுகிய எல்லைக்குள் வாசிப்பதைப் பரிந்துரைத்து வருகிறார்: ஒரே எழுத்தாளரை, அல்லது ஒரே விஷயத்தைத் தொடர்ந்து படி என்று. ஹ்வாங், நேஷன் இருவரும் 1989-இல் நாளிதழ்களை ஆராய்ந்தபோது, தொடர்பில்லாத செய்திகளைப் படிப்பதைவிட ஒரே விவகாரத்தின் தொடர் செய்திகளைப் படித்தால் புதுச் சொற்களின் சுமை குறைகிறது, சொற்கள் திரும்ப வருவது கூடுகிறது என்று கண்டார்கள். நான் சேர்த்தது ஒன்றுதான். அவர்கள் பேசியது பெரும்பாலும் ஒரே வகைக்குள். விஷயத்தை மட்டும் பூட்டிவிட்டு வகையைத் திறந்து விட்டால், ஒரே சொல்லை வெவ்வேறு இலக்கண உடையில் பார்க்கலாம். நாட்டுப்புறக் கதை மூன்று மகன்களை வைத்துச் செய்த வேலையை இங்கே மூன்று வகைத் தாள்கள் செய்கின்றன.

குறைகளும் உண்டு. அலுப்பு வரும். வாடகையைப் பற்றித் தொடர்ந்து படிப்பது சொர்க்கம் அல்ல. எல்லா விஷயத்துக்கும் எல்லா வகையும் கிடைப்பதில்லை. வானிலைக்கு ஒப்பந்தம் கிடையாது, மருந்துக்கு நாட்டுப்புறக் கதை தேடினால் கிடைக்கலாம், ஆனால் தேடும் நேரத்தில் இன்னும் நான்கு துண்டு படித்துவிடலாம். இரண்டாவது விஷயமாக நான் எடுத்த ரயில் பயணம் நன்றாகவே போனது: கால அட்டவணை, தாமத அறிவிப்பு, பணம் திரும்பக் கேட்கும் படிவம், வேலைநிறுத்தச் செய்தி. மூன்றாவதாக எடுத்த ஓவியக் கலை பாதியில் நின்றது. விமர்சனக் கட்டுரைகள் மட்டுமே கிடைத்தன, அவையும் ஒரே குரலில்.

எளிமையாக்கியவற்றைப் பற்றி ஒரு முணுமுணுப்பு

கற்பவர்களுக்கென்றே எழுதிய குறுவாசிப்புத் தொகுப்புகள் நிறைய வருகின்றன. பொருளடக்கத்தைப் பார்த்தால் கடிதம், கதை, செய்தி, உரையாடல் என்று பல வகை. உள்ளே போனால் எல்லாம் ஒரே ஆள் எழுதியது, ஒரே நீள வாக்கியம், அந்தப் பாடத்துக்கான ஒரே இலக்கணம். செய்தியில் ‘ஸை’ இருக்காது, துணுக்கில் வினை முதலில் வராது, கடிதத்தில் பெயருக்கு முன் அடைசல் இருக்காது. தலைப்பில்தான் வகை.

ஜெர்மனியில் ‘எளிய மொழி’ என்றொரு முறையும் இருக்கிறது. கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்காக உருவானது. வாக்கியத்துக்கு ஒரு செய்தி, நீளச் சொற்களை நடுவில் பிரித்துக் காட்டுவது, ஆறாம் வேற்றுமை போன்ற உடைமை வடிவத்தையும் கொன்யுங்க்டிவையும் தவிர்ப்பது என்று அதற்கு விதிகள் உண்டு. அதன் நோக்கத்துக்கு அது அருமையானது. மொழி கற்பவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள், பயன்படுத்தலாம். அந்த 98 விழுக்காட்டைத் தொட ஏ2 நிலைக்காரருக்கு வேறு வழி இல்லை. ஆனால் அதிலேயே தங்கிவிட்டால் நான் மேலே சொன்ன அமைப்புகளில் பல கண்ணிலேயே படாது. நான் பயன்படுத்திய விதம்: புது விஷயம் ஒன்றை எடுக்கும்போது முதல் துண்டு எளிய மொழியில். விஷயம் தெரிந்ததும் அசலுக்குப் போய்விடுவது. ஜெர்மனியின் பன்னாட்டு ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லே மெதுவாக வாசித்து, எழுத்திலும் தரும் செய்தி இந்த இரண்டுக்கும் நடுவில் நல்ல படிக்கட்டு. அங்கே வாசிப்பு மட்டும்தான் மெதுவு, மொழி அசல்.

இந்த ஆய்வு சொல்ல முடியாதவை

ஒரே ஆள், ஒரே மொழி. முதல் கட்டத்தில் சொற்கள் தங்காததற்கும் இரண்டாம் கட்டத்தில் தங்கியதற்கும் முறை மட்டும்தான் காரணமா, அல்லது அதற்குள் என் ஜெர்மன் பொதுவாகவே வளர்ந்துவிட்டதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒப்பிடுவதற்கு இன்னொரு நான் கிடையாது. ஆங்கிலம் தெரிந்திருந்ததால் இலவசமாகப் புரிந்த சொற்களும் பல.

பேச்சு இதனால் வளரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கதைகளும் செய்திகளும் தரும் இறந்தகாலம் ஒன்று, வாயில் புழங்கும் இறந்தகாலம் இன்னொன்று. எழுத்தில் ஒற்றை வினையாக வருவதைப் பேச்சில் துணைவினை சேர்த்து இரண்டாகச் சொல்வார்கள். தெற்குப் பகுதிகளில் அந்த ஒற்றை வடிவம் பேச்சில் அநேகமாக இல்லவே இல்லை. குறுவாசிப்பை மட்டும் நம்புகிறவர் கடையில் நின்று கதாகாலட்சேபம் செய்வதுபோல ஒலிப்பார். உரையாடலுக்குக் காதைத்தான் நம்ப வேண்டும், கண்ணை அல்ல.

இப்போதைய ஏற்பாடு இதுதான்: ஒரு விஷயம் எடுத்தால் அலுக்கும்வரை அதிலேயே. குறைந்தது நான்கு வகைத் தாள் கிடைக்காத விஷயத்தைத் தொடுவதில்லை. தாய்மொழிக்காரர் தன் சக தாய்மொழிக்காரருக்காக எழுதியது ஒன்றாவது அதில் இருக்க வேண்டும். அடுத்ததாக எடுத்திருப்பது மருத்துவக் காப்பீடு. படிவங்களுக்குப் பஞ்சமே இல்லை.